முயல் கூண்டில் வெந்தய வாசனை

விலங்குக்கூடத்தின் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்கிற புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகக்கவசம் போடுங்கள். அது விதி, அதை மீறச் சொல்ல நான் யார்? ஆனால் போடுவதற்கு முன் வாசலில் நின்று ஒரு மூச்சு நன்றாக இழுத்துப் பாருங்கள். நாற்றம்தான் வரும். அது என்ன நாற்றம் என்று தெரிந்துகொள்வதும் உங்கள் வேலையில் சேர்த்திதான். உங்கள் கணினியில் வண்ண வண்ணமாக வரும் வரைபடங்கள் சொல்லாத ஒரு சேதியை என் மூக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறது. அதற்காகக் கொஞ்ச காலம் எங்கள் ஆய்வகத்தில் என் மூக்கை யாருக்கும் பிடிக்காமல் போனது வேறு விஷயம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது இது. பம்பாய் விக்ரோலியில் ஒரு தனியார் சத்துணவு ஆய்வகத்தில் இருந்தேன். முயலுக்குப் பால் புரதத்தை மட்டுமே புரதமாகக் கொடுத்து வந்தால், தனியாகக் கொழுப்பு எதுவும் சேர்க்காவிட்டாலும் அதன் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறும். நாளாக ஆக, இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயின் உள்சுவரில் கொழுப்புத் திட்டுகள் படியும். சோயாப் புரதம் கொடுத்தால் அவ்வளவு படியாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சரம். பால் புரதத்தில் லைசின் என்ற அமிலம் அதிகம், அர்ஜினின் என்ற அமிலம் குறைவு. சோயாவில் அர்ஜினின் தாராளம். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் காரணமோ என்று எங்கள் துறையில் வெகுகாலமாக ஒரு சந்தேகம் உண்டு. அப்படியானால் பால் புரதத் தீவனத்தில் அர்ஜினினைக் கூட்டிக் கொடுத்தால் குழாய் சுத்தமாக இருக்குமா? இதுதான் எங்கள் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டவள் செல்வி. நான் அவளுடைய வழிகாட்டி. தாராவிப் பெண். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் அவள் ஊரைப் பார்த்தது கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது மட்டும்தான். அவளுடைய அம்மாவும் அப்பாவும் இட்லி போட்டு விற்பவர்கள். விடிவதற்கு முன் அவித்து அடுக்கி, சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் ஆட்களிடம் கொடுத்துவிடுவார்கள். தாதர் ஆபீஸ்காரர்கள் நின்றபடி தின்னும் இட்லியில் பாதி அந்தத் தெருவில் வெந்ததுதான். செல்வி கெட்டிக்காரி, கோபக்காரி. நானும் கோபக்காரி என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

முதல் தொகுதி முயல்களின் குழாய்களை விரித்துச் சாயம் ஏற்றியபோது எங்களுக்கே நம்ப முடியவில்லை. கொழுப்பு படிந்த இடம் சிவப்பாகத் தெரியும். பால் புரதம் தின்ற முயல்களின் குழாயில் சிவப்புத் தீவுகள். அர்ஜினின் சேர்த்துத் தின்ற முயல்களின் குழாயோ கழுவி வைத்த மாதிரி இருந்தது. சத்துமாவு தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அர்ஜினின் கலந்த மாவு போட அவர்களுக்கு ஆசை. செல்வியின் உதவித்தொகை முடியப்போகிற நேரம் அது. கம்பெனி கையெழுத்துப் போட்டால் அவளுக்கு உதவித்தொகை நீளும், எங்களுக்கு ஆய்வு நீளும். அவர்கள் வந்து பார்க்க ஒரு நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தைய சில வாரங்கள் நான் விடுப்பில் இருந்தேன். செம்பூரில் என் வீட்டில் என் பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. பம்பாயில் பிள்ளை பெற்றவள் தப்பிக்கவே முடியாத பண்டம் வெந்தய லட்டு. எதிர் வீட்டுக் குஜராத்தி அம்மா டப்பா டப்பாவாக மேத்தி லட்டு அனுப்பினாள். போதாக்குறைக்கு நான் வேறு வெந்தயக் கஞ்சி வைத்தேன். ஒரே வாரத்தில் என் பெண், அவள் போர்வை, குழந்தையின் தலை, வீடு எல்லாம் ஒரே வாசனை. வெந்தயம் நிறையத் தின்றால் வேர்வையிலும் சிறுநீரிலும் ஒரு தித்திப்பு வாசனை ஏறிவிடும், சர்க்கரைப் பாகு லேசாகத் தீய்ந்த மாதிரி.

கம்பெனிக்காரர்கள் வரும் நாள் காலையில்தான் வேலைக்குத் திரும்பினேன். அவர்கள் மாநாட்டு அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் தொகுதி முயல்கள் அதே தீவனத்தைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தன. விருந்தாளிகளை அழைத்து வருவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று விலங்குக்கூடத்துக்குள் போனேன். அந்த வாரம் பார்த்து மழையில் நனைந்து, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி நின்றுபோயிருந்தது. உள்ளே வாசனை அப்படியே தேங்கியிருந்தது. என் வீட்டு வாசனை.

புடவையில்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன். தலைப்பை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. பால் புரத முயல்களின் கூண்டு வரிசைக்குப் போனேன். சாதாரண முயல் மூத்திர நாற்றம். அர்ஜினின் வரிசைக்கு வந்தேன். மேத்தி லட்டு. திரும்ப அங்கே போனேன், திரும்ப இங்கே வந்தேன். கூண்டு கழுவும் கொங்கணிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்த வாடை எப்போதிலிருந்து?" என்று இந்தியில் கேட்டேன். அவர் தயங்கினார். "ரொம்ப நாளாவே இருக்கு மேடம். நீங்களும் செல்வி மேடமும் கொண்டுவர்ற மதராசி டப்பா வாடைன்னு நெனச்சேன். சொன்னா தப்பா எடுத்துப்பீங்கன்னு சொல்லல" என்றார்.

வாரா வாரம் நான் நுழைந்த இடம்தான் அது. தமிழர் பேட்டையான மாதுங்காவில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு வெந்தயம் ஒரு வாசனையாகவே பட்டிருக்காது. பிள்ளை பெற்ற வீட்டில் வாரக்கணக்கில் அதிலேயே ஊறிய பிறகுதான் மூக்கு அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

செல்வியைத் தீவன அறைக்குக் கூப்பிட்டேன். நல்ல சுடிதார் போட்டு, தலையை வாரி, பேசப்போவதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

"அர்ஜினின் தீவனத்துல நீ வேற என்ன போட்டே?"

"ஒண்ணும் போடலயே மேடம். ஃபார்முலாப்படிதான்."

"வெந்தயம்?"

"அது போட்டேன்." சர்வ சாதாரணமாகச் சொன்னாள். "அர்ஜினின் போட்டா மாவு நிக்க மாட்டேங்கு மேடம். ஈரத்த இழுக்கு. உருட்டி காயவச்சா பொலபொலன்னு உதிருது. முயலு மிதிச்சு மிதிச்சு வீணாக்குது. அதான் வெந்தயத்த ஊறவச்சு அரைச்சு ஊத்துதேன். இப்போ ஏக்தம் கல்லு மாதிரி நிக்கு."

"மத்த வரிசைக்கு?"

"அதெல்லாம் தானா நிக்குமே, அதுக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். அவள் முகம் வெளுப்பதை நான் பார்த்தேன். வெந்தயம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பது எங்கள் துறையில் குழந்தைக்கும் தெரியும். அர்ஜினின் வரிசை முயல்கள் மட்டும் அதைத் தினமும் தின்றிருக்கின்றன. குழாயைக் கழுவிவிட்டது அர்ஜினினா, வெந்தயமா, இரண்டும் சேர்ந்தா? பூமியில் யாராலும் சொல்ல முடியாது.

"மேடம்," என்றாள். "இன்னிக்கு மட்டும் சொல்லாண்டாம் மேடம். அவுக கையெழுத்து போட்டுட்டுப் போயிரட்டும். நான் திரும்பச் செய்யுதேன். வெந்தயம் இல்லாம, சத்தியமாச் செய்யுதேன். அப்புறம் நாமளே எழுதிச் சொல்லிருவோம்."

அது மோசமான யோசனை என்று எனக்கு உடனே தோன்றியது என்று சொன்னால் பொய். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் துறைத் தலைவரிடம் ஓடினேன். மராட்டியர், நல்ல மனிதர், அன்று அவருக்கு நேரம் சரியில்லை. அவர் இன்னும் சுலபமான வழி வைத்திருந்தார். "எல்லாத் தீவனத்திலும் ஏதாவது பசை இருக்கும். தாவரப் பசை என்று எழுதிவிட்டுப் போங்கள். யார் கேட்கப்போகிறார்கள்?"

இந்த மாதிரி நேரத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். சொல்லப்போகிற வாக்கியத்தை, அதை நம்பிப் பணம் போடப்போகிறவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியுமா? 'தாவரப் பசை' என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பொய் இல்லைதான். ஆனால் கண்ணைத் தாழ்த்தாமல் சொல்ல வரவில்லை. முடிவாகிவிட்டது.

செல்வியிடம் திரும்பி வந்தேன். "சொல்லத்தான் போறேன். இன்னிக்கே, இப்பவே. நான் சொல்லணுமா, நீ சொல்றியா? அது மட்டும் நீ முடிவு பண்ணு."

துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "ஆய்வு என்னுது. நானே சொல்லுதேன்" என்றாள். சொன்ன விதத்தில் என்னைக் கடித்துத் தின்றுவிடலாம் போலிருந்தாள்.

சொன்னாள். சிவப்புத் தீவுகளைத் திரையில் காட்டிவிட்டு, அந்தச் சுத்தமான குழாயைக் காட்டும்போது, இந்த முடிவை நீங்கள் நம்பக் கூடாது, காரணம் இது என்று நேராகச் சொன்னாள். கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் அதிகாரிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "என் மாமியார் தினமும் காலையில் இதைத்தான் விழுங்குகிறார்" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் கோப்பை மூடினார். மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நேர்மை பற்றி ஒரு நல்ல பாடம் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். அசல் தொல்லை மறுநாள்தான் ஆரம்பித்தது.

துறைத் தலைவருக்கு அவமானம் தாங்கவில்லை. 'தாவரப் பசை' என்று சொன்ன அதே மனிதர் இப்போது வேறு கேள்வி கேட்டார். ஆராய்ச்சி மாணவிக்கு வெந்தயத்தின் குணம் தெரியாதா? தெரிந்தே ஒரு வரிசைக்கு மட்டும் போட்டு, தெரிந்தே எழுதாமல் விட்டிருக்கிறாள். தீவனத்தில் போட்ட பொருளை யாராவது மறப்பார்களா? விசாரணைக்கு மூன்று பேர் குழு போட்டார். செல்வி மறைத்தாள் என்று அந்தக் குழு சொல்லிவிட்டால் பட்டம் போகும். அதைவிட, அந்தப் பெயர் அவளுக்கு முன்பாகவே ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாழ்நாள் முழுக்க அவளை யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையைத் தன் வாயால் சொன்னவளுக்கு இந்தக் கதி என்றால் எனக்கு வயிறு எரியாதா?

செல்வி ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போனையும் எடுக்கவில்லை. ஒரு மாலை மாதுங்கா ரோடு ஸ்டேஷனில் இறங்கி நேரே தாராவிக்கு நடந்தேன். வீட்டின் முன்பாதி முழுக்க கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அம்மா என்னை இதற்கு முன் பார்த்ததில்லை என்றாலும் யார் என்று உடனே தெரிந்துகொண்டார்.

"வாங்க மேடம், உக்காருங்க. இவ ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்கா. கேட்டா ஒண்ணும் சொல்லவும் மாட்டேங்கா. நீங்களாவது கேளுங்க."

செல்வி உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பவில்லை. அவள் அம்மா எனக்கு இட்லி வைத்தார். நான் பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து மாதுங்கா ஓட்டல்களின் இட்லியில் வளர்ந்தவள், சுலபத்தில் யாரையும் புகழ மாட்டேன். அந்த இட்லிக்கு முன்னால் என் அலட்டல் எல்லாம் அடங்கிவிட்டது.

"எப்படிம்மா இவ்வளவு மிருதுவா வருது? என்ன போடறேள்?"

"என்னத்த போடுதோம்? அரிசி, உளுந்து, உப்பு. அவ்ளோதான் மேடம். வேற ஒண்ணும் கிடையாது."

எதற்குக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. "வெந்தயம் போடறதில்லையா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இட்லிக்குத் தட்டு வேண்டுமா என்று கேட்டவளைப் பார்ப்பது போல. "வெந்தயம் இல்லாமலா? அது எப்பவும் போடுறதுதான மேடம். அதப் போயி என்னன்னு தனியாச் சொல்ல?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கண் நிறைந்திருந்தது. "நான் மறைக்கல மேடம்" என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம், குழுவுக்குத் தெரிய வேண்டுமே என்றும் சொன்னேன். "சாப்பிடு. நாளைக்கு வேலைக்கு வா."

குழு கூடிய அன்று என்னையும் கூப்பிட்டார்கள். துறைத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டாம் என்று அவள் உங்களைக் கேட்டாளா என்பதுதான் முதல் கேள்வி. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டாள்" என்றேன். "இன்னிக்கு மட்டும் என்று கேட்டாள். பிறகு எல்லோர் முன்னாலும் அவளே சொன்னாள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்."

"அதெல்லாம் சரி. போட்ட பொருளை எழுதாமல் விட்டதற்கு என்ன காரணம்? மறந்துவிட்டாளா?"

"மறக்கவில்லை. அவளுக்கு அது பொருளே இல்லை. சார், உங்கள் வீட்டில் தினம் வரண் வைப்பார்கள்தானே? அதில் என்ன போடுவார்கள்?"

வரண் என்பது அவர்கள் வீட்டுப் பருப்பு. அவர் எரிச்சலோடு விரல் விட்டு எண்ணிச் சொன்னார். துவரம்பருப்பு, மஞ்சள், உப்பு, கொஞ்சம் வெல்லம், மேலே நெய். சமையல் தெரிந்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தானே செய்வதாக எங்களிடம் பெருமையடிப்பவர். "அவ்வளவுதானா?" என்றேன். அவ்வளவுதான் என்றார். "வீட்டுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்கிறீர்களா? எல்லோருக்கும் கேட்கிற மாதிரி."

மற்ற இருவரும் சிரிக்க ஆரம்பித்திருந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. மனைவி எடுத்தார். அவரும் அதே பட்டியலை அதே வரிசையில் சொன்னார். நான் குறுக்கே புகுந்து, எனக்குத் தெரிந்த மராத்தியில், "பெருங்காயம் போடுவதில்லையா அக்கா?" என்றேன்.

அந்த அம்மாள் பட்டென்று சொன்னார். "ஹிங் தர் அஸ்தோச் நா!" பெருங்காயம் எப்பவும் இருக்கிறதுதானே என்று அர்த்தம். அதைக் கேட்கவும் வேண்டுமா என்கிற தொனி வேறு. தாராவியில் கேட்ட அதே வாக்கியம், அதே வியப்பு.

துறைத் தலைவர் போனை வைத்தார். அவர் நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். செல்வியிடம் திரும்பி, "திரும்பச் செய். இந்த முறை எல்லாக் கூண்டுக்கும் ஒரே பசை. அதற்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். மறைத்தாள் என்ற வார்த்தை அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை.

திரும்பச் செய்தாள். அர்ஜினின் மட்டும் தின்ற வரிசை, வெந்தயம் மட்டும் தின்ற வரிசை, இரண்டும் தின்ற வரிசை, இரண்டும் இல்லாத வரிசை என்று எல்லாம் வைத்து, நான்குக்கும் வேறொரு பொதுப் பசை போட்டு. குழாயை விரித்தபோது அர்ஜினின் மட்டும் தின்ற முயல்களில் சிவப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, கழுவி வைத்த மாதிரி இல்லை. வெந்தயமும் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைத்திருந்தது. எந்தக் கம்பெனியும் மாவு போட ஓடி வருகிற முடிவு இல்லை. ஆனால் யார் கண்ணைப் பார்த்தும் சொல்லலாம்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சந்தேகப்பட்ட விஷயத்தை நீங்கள் எப்படியும் கவனிப்பீர்கள், அதற்குப் படித்திருக்கிறீர்கள். உங்களை ஏமாற்றப்போவது உங்கள் கை தானாகச் செய்கிற காரியம். வேறு வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஏதாவது விசித்திரமாகக் கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தக் கொங்கணிக்காரர் வாய் திறக்கக் கூசும்படி நாங்கள் இருந்திருக்கிறோம். எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

செல்வியின் வாய்மொழித் தேர்வுக்கு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர் சென்னையிலிருந்து வந்த பெரியவர். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் தீவனம் பற்றிய பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டார்.

"என்னம்மா இது? மாவு பிசைஞ்ச தண்ணியைக் கூட எழுதியிருக்கே. எந்தக் குழாய்த் தண்ணி, வடிகட்டினதா இல்லையான்னு ஒரு பத்தி. இதையெல்லாமா எழுதுவாங்க?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள்.

"அது எப்பவும் ஊத்துறதுதான சார். அதான் எழுதுனேன்."